கட்டுப் போட்ட பாதாம் மரம்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், நீ ஏறி விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட பாதாம் மரம் மட்டும் கட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறது. உன் தொண்டைக் கரகரப்பு சரியாயிற்றா?

காய் பறிக்க ஆள் கிடைக்காமல் இந்த வருடம் மரம் குலுக்கும் மெஷினை வரவழைத்தோம். அடிமரத்தைக் கவ்விப் பிடித்து நாலே விநாடி உலுக்கும், காய் பொலபொலவென்று கொட்டிவிடும். மெஷின்காரர் முன்னாடியே போனில் படித்துப் படித்துச் சொன்னார், ரெண்டு வாரம் தண்ணி விடாதீங்க, ஈரமா இருந்தா பட்டை கழண்டுடும் என்று. உன் அப்பாவும் பலமாகத் தலையாட்டினார். ஆனால் முந்தின நாள் சாயந்திரம் மனசு கேட்கவில்லையாம், பாவம், நாளைக்கு அவ்வளவு ஆட்டம் தாங்கணுமே, வெறும் வயிற்றோடவா நிற்கும் என்று உன் மரத்துக்கு மட்டும் ஹோஸைப் போட்டு நிரப்பிவிட்டார். பரீட்சை நாளன்று உனக்கு ஊட்டி ஊட்டி வாந்தியெடுக்க வைத்த அதே மனுஷன்தானே. மறுநாள் உன் மரத்தின் முறை வந்ததும், தொட்டுப் பார்த்துத்தான் விநாடி எண்ணுவேன் என்று யாரும் கவனிக்காத நேரத்தில் கிளையைப் பிடித்துக்கொண்டார். ஒன்று, இரண்டு வரைக்கும் நன்றாகத்தான் எண்ணினார், அப்புறம் மூ மூ மூ என்று அங்கேயே நின்றுவிட்டது. கண்ணாடி ஒரு பக்கம் போயிற்று, தொப்பி ஒரு பக்கம், தலையெல்லாம் காய். அதோடு விட்டாரா? உச்சியில் பத்துப் பதினைந்து காய் ஒட்டிக்கொண்டிருந்தது, இன்னொரு தடவை குலுக்கு என்று பிடிவாதம். அது இன்னும் முத்தலைங்க, முத்தினா தானா விழும் என்று மெஷின்காரர் கெஞ்சியும் கேட்கவில்லை. இரண்டாம் குலுக்கலில் காய் ஒன்றுகூட விழவில்லை, பட்டைதான் சட்டைக்கை மாதிரி கழன்று வந்தது.

உடனே ஒட்டவைத்து என் நல்ல படுக்கைவிரிப்பைக் கிழித்துக் கட்டியிருக்கிறோம், பிழைத்தால் உண்டு. தினமும் காலையில் காபி டம்ளரோடு போய் மரத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறார், முப்பத்தைந்து வருடத்தில் எனக்கு அது ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை. உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் காய்கள் பத்து நாள் கழித்துத் தானாகவே விழுந்தன. ஒன்று விடாமல் பொறுக்கி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார், என்னைத் தொடவிடுவதில்லை.

போனில் அப்பா மூன்று வாரமாக எப்ப வர்றே என்று கேட்கவில்லையே, கோபமா என்றாய். கோபமெல்லாம் இல்லை கண்ணு. காய் பொறுக்கிய அன்றுதான் சொன்னார், இனிமே பிள்ளையைப் போட்டு உலுக்க மாட்டேன் என்று. பேசி முடித்துப் போனை வைத்ததும் தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறார், எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

வெந்நீர் குடி, ராத்திரி தலைக்குக் குளிக்காதே. நோய் நொடியில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவைப் போல நான் சபதம் எதுவும் எடுக்கவில்லை, அதனால் கேட்கிறேன், எப்போதடி வருகிறாய்?

அன்புடன்,
உன் அம்மா