நாலாம் நம்பர் டப்பா

அந்த டப்பாவைத் தெரிந்துதான் என்னிடம் கொடுத்தாயா? இத்தனை வருஷமும் இதையே யோசிக்கிறேன். நீ இருந்தபோது கேட்கவில்லை. இனிக் கேட்க வழியுமில்லை.

மகர்பட்டாவில் நான் இப்போது வேலை பார்க்கும் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். இரண்டு லிட்டர் பாட்டிலோடு வருகிறாள். மத்தியானத்துக்குள் காலி செய்து மறுபடி நிரப்பிக்கொள்கிறாள். சருமத்துக்கு நல்லதாம். அவள் மூடியைத் திருகும் சத்தம் கேட்டால் என் கை வேலையில் நின்றுவிடுகிறது. இன்றும் நின்றது.

உன் பாட்டில் நீல நிறம். முனைவர் பட்டம் முடித்துவிட்டு, எப்போது நிற்கும் என்று தெரியாத சம்பளத்தில், நாம் இருவரும் ஒரே மைக்ராஸ்கோப்பைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. எச்.ஐ.வி.க்கான ஒரு மாத்திரை அப்போது புதிது. அதைச் சாப்பிடுபவர்களின் சிறுநீரில் மருந்தே படிகமாக இறங்கியது. சிலருக்குக் கல்லாகி அடைத்தது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லித்தான் மாத்திரையைக் கொடுப்பார்கள். அந்தப் படிகங்கள் எப்போது உண்டாகின்றன என்று பார்ப்பது என் வேலை. நீ மருந்தில்லாமல் தானாக வரும் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

எனக்குக் குளிர்ந்த சாம்பிள் எதன்மேலும் நம்பிக்கை கிடையாது. உடம்புக்குள் கரைந்திருப்பது ஃப்ரிட்ஜில் வைத்ததும் படிகமாகிவிடும். அதைப் பார்த்துவிட்டு நோயாளியின் சிறுநீரகத்தில் உண்டானது என்று எழுதிவிடலாம். லேபிளை நம்பமாட்டேன். கழுவிய கண்ணாடியை மறுபடி கழுவுவேன். நீ இந்த மராத்தி ஊரிலேயே, கட்கியில், ஆர்டனன்ஸ் பேக்டரி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. என் கோயம்புத்தூர்த் தமிழும் என் சந்தேகமும் உனக்குச் சிரிப்பாக இருந்தன.

"அரே, சிஐடி மேடம், தாலி கட்ட வந்தாக்கூட லென்ஸ் வெச்சுப் பாத்துட்டுதான் கழுத்த நீட்டுவே நீ."

"பித்தளையா இருந்தா என்ன பண்றதுங்க?" என்றேன். அந்த வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து எதுவும் சாப்பிடாதவர்களின் சிறுநீர் சாம்பிளும் வேண்டியிருந்தது. ஆய்வகத்தில் இருந்த பெண்களையே கேட்டேன். ஆளுக்கொரு டப்பா, அதன்மேல் நம்பர் மட்டும்; யார் எந்த நம்பர் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நீ நாலு. "ஏதாவது மாத்திரை சாப்பிடறியா?" என்று எல்லோரையும்போல உன்னையும் கேட்டேன். "எனக்கு இன்னாடி? குதிர மாதிரி கீறேன் பாரு" என்றாய். எதையும் நம்பாத நான் அதை நம்பினேன். உன் கணவர் டி.பி.யில் போனார் என்று நீ சொன்னபோதும் அப்படித்தான் நம்பினேன்.

நாலாம் நம்பரை லென்ஸின் கீழ் வைத்தபோது, இருண்ட பின்னணியில் ஊசிகள் ஒரே புள்ளியிலிருந்து விசிறிபோல் விரிந்து மின்னின. அந்த மாத்திரை சாப்பிடுபவர்களின் சாம்பிளில் மாதக்கணக்காக நான் பார்த்துக்கொண்டிருந்த அதே விசிறி. முதலில் ஃப்ரிட்ஜைச் சந்தேகப்பட்டேன். பிறகு லேபிளை. பிறகு, கண்ணாடி கழுவும் மாவ்ஷியைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டேன். அந்தம்மா மராத்தியில் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

நீ பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். "என்னோடதா?" என்றாய்.

"கொளறுபடி ஆயிருக்கு. ஃப்ரிட்ஜா இருக்கும்."

"சூடா வேணுமா? இரு."

பத்து நிமிஷத்தில் கொண்டுவந்து வைத்தாய். டப்பா கையில் வெதுவெதுப்பாக இருந்தது. அதிலும் இருந்தன, கொஞ்சமாக.

"இன்னா தெரியுது?"

"ஊசி ஊசியா."

"நல்லாக்கீதா பாக்க?"

"நல்லாத்தான் இருக்கு."

நீ பாட்டிலைத் திறந்து நிறையக் குடித்தாய். தினமும் என் கண்முன் இருந்த அந்தப் பாட்டிலை அப்போதுதான் நான் முதல்முறையாகப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். நீ எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாய்.

மறுநாள் வாராந்திரக் கூட்டம். எல்லாப் படங்களையும் திரையில் காட்டவேண்டும். அந்த விசிறி என்ன என்று அங்கே தெரியாதவர் இல்லை. ஆய்வகத்துப் பெண்கள் சிலரே; நாலாம் நம்பர் யார் என்று தேட ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதன்பிறகு கான்டீனில் உன் டம்ளர் தனியாக இருந்திருக்கும். அடுத்த வருஷம் உன் வேலையைப் புதுப்பிக்கவும் யாருக்காவது மறந்துபோயிருக்கும்.

இப்போதும் இரண்டு பக்கமும் எனக்குள் வாதாடுகிறேன். நான் எதைத் தேடுகிறேன் என்று உனக்குத் தெரியும். சாக்குச் சொல்லி மறுத்திருக்கலாம். இரண்டாவது முறை வேறு யாருடையதையாவது கொடுத்திருக்கலாம். சொன்னால் நம்பாதவளுக்குக் காட்டிவிடலாம் என்று வைத்தாயா? அல்லது, இத்தனை தண்ணீர் குடிக்கிறோமே, ஒன்றும் தெரியாது என்று நினைத்தாயா? தெரிந்து கொடுத்தாய் என்ற பதில் எனக்குப் பெருமை தருகிறது. அதனாலேயே அதை நான் சந்தேகப்படுகிறேன். சில வருஷம் கழித்து உன் அண்ணன் போன் செய்து, நீ காய்ச்சலில் போய்விட்டாய் என்று சொன்னார். சரிங்க என்றேன். உன்னிடமிருந்து என்னோடு தங்கியிருப்பது இந்த வழக்கு ஒன்றுதான். தீர்ப்பு வராது. மறுநாள் நடந்தது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

கூட்டத்தில் மூன்றாம் நம்பருக்குப் பிறகு ஐந்தாம் நம்பரைக் காட்டினேன். நாலு எங்கே என்றார் பேராசிரியர்.

"எடுத்துட்டேன் சார். அந்த ஆள் ஏதோ மருந்து சாப்பிடறாங்க."

"என்ன மருந்து?"

"கேக்கல சார்."

"நீயா கேக்கல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் நீயும் சிரித்தாய்.

கூட்டம் முடிந்து கான்டீனில் உட்கார்ந்தோம். நீ வாய் வைத்துக் குடிக்கும் அந்த நீலப் பாட்டிலை எடுத்து, எல்லோரும் பார்க்க, என் டம்ளரில் ஊற்றினாய். ஊற்றிவிட்டு என்னைப் பார்த்தாய்.

நான் குடித்தேன்.