சம்பந்தியம்மா பார்க்காத தெரு

என் பேத்தியின் தாத்தாவுக்கு,

நான் சுகம். நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுப் பெண் இதை எழுதுகிறாள். உங்கள் முழங்கால் வலி தேவலையா? வெறும் வயிற்றில் மாத்திரை போடாதீர்கள்.

மகனும் மருமகளும் வேலைக்குப் போனதும் பேத்தி என் பொறுப்பு. ஆனால் இந்த ஊரில் எங்கே கூட்டிப்போனாலும், "இதை அந்தப் பாட்டி முன்னாடியே காட்டிட்டாங்க" என்கிறாள். எனக்கு முன்னால் வந்து இருந்துவிட்டுப் போன சம்பந்தியம்மாதான்! கல்யாணத்தன்று, "உங்களுக்கு பஸ் போர்டு படிக்க வராதில்ல?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவள். மறப்பேனா?

வயிறு எரிந்தது. அவள் பார்க்காத தெருவைக் காட்டிவிட வேண்டுமென்று நேற்று ஒரு சிவப்பு பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கினோம். திரும்புவதற்குச் சிவப்பு பஸ்ஸைத் தேடினால், நிற்பதெல்லாம் சிவப்பு! பயப்படாதீர்கள். பேத்தி சொன்ன நம்பரில் ஒரு பூக்காரி நம் மகனுக்கு போன் போட்டாள். "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று வந்து கத்தினான்.

பேத்தி மட்டும் என் மடியில் சாய்ந்து, "அந்தப் பாட்டிக்குத் தொலையவே தெரியாது. நாளைக்கும் தொலைஞ்சு போலாமா?" என்றாள். சம்பந்தியம்மாவைப் பார்த்தால் இதை அப்படியே சொல்லுங்கள்.

யாராவது வந்தால் என் பழைய செருப்பையும் உங்கள் துண்டு ஒன்றையும் கொடுத்தனுப்புங்கள். துண்டைத் துவைக்க வேண்டாம்.

பேத்தி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். கிளம்புகிறேன்.