மால்மோவில் எடுத்த கூறை

ஜூன் 9, திங்கள்

காலையில் வெயில், மத்தியானம் காற்று, பின்னேரம் மழை. இன்று விடுமுறை, பஸ் ஓட்டப் போகவில்லை. ஜன்னல் துடைத்தேன். கடைசி ஜன்னலை மழையே பார்த்துக்கொண்டது.

புதன்கிழமை வதனி வருகிறாள். என் தங்கச்சி, ரொறன்ரோவில் இருப்பவள். வருகிறாள் என்றால் டோஸ்ட்ருப்பில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அல்ல. மகள் டிலானி பிடித்து இழுத்து உல்லாசக் கப்பலில் ஏற்றியிருக்கிறாள். கப்பல் காலையில் கோப்பன்ஹேகனில் நிற்கும், மாலையில் போய்விடும். மகளும் மருமகனும் கடற்கன்னி சிலை பார்க்கப் போவார்கள். வதனியின் பகல் எனக்கு.

திட்டம்:
கப்பலடியில் ஆளைப் பிடிப்பது.
ரயில். பாலம் கடந்து சுவீடன். மால்மோ.
தேவி வீட்டில் கூறை.
பொழுதோடு கப்பலில் ஏற்றிவிடுவது.

செப்டெம்பரில் நிரூவுக்குக் கலியாணம். என் ஒரே மகன். பொம்பிளை சஹானா, கோல்டிங்கில் வளர்ந்த பிள்ளை. தாலி கட்டும் நேரம் அவள் உடுத்தும் கூறைச் சீலையை மாப்பிள்ளை வீட்டார்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். மால்மோவில் தேவி என்று ஒருவர், காஞ்சிபுரத்திலிருந்து நேரே கொண்டுவந்து வீட்டின் கீழறையில் வைத்து விற்கிறார். கூறைக்கு அவரை விட்டால் ஆளில்லை என்று இங்கே எல்லாப் பெண்களும் சொல்கிறார்கள்.

வதனியிடம் கூறை என்று மூச்சு விடவில்லை. மால்மோ சுற்றிப் பார்ப்போம் என்று மட்டும். சொன்னால் வரமாட்டாள். அவள் கணவர் ரவி போய் நாலு வருஷம். அன்றிலிருந்து நெற்றியில் பொட்டு இல்லை. நல்ல காரியம் என்றால் பின்வரிசை. டிலானிக்குத் தாலி கட்டும்போதுகூடச் சமையல் பக்கம் போய் நின்றாள். சொந்த மகள்! நிரூவின் கலியாணத்துக்கு வரவில்லை என்று போன மாதமே சொல்லிவிட்டாள். "அங்கை வந்து நான் ஒளிச்சு நிக்கிறதுக்கு, இஞ்சையே நிக்கிறன் அக்கா."

நிரூவைத் தூக்கி வளர்த்தவள் அவள். நான் பஸ் லைசென்ஸுக்குப் படித்த காலத்தில் எங்களோடு இருந்தாள், கலியாணமாகிக் கனடா போகுமுன். அவன் முதல் அடி வைத்தது அவளை நோக்கித்தான். அந்தக் கூறையை அவள் கையால் எடுக்க வேண்டும். இது என் முடிவு. ஒருவரையும் கேட்கவில்லை.


ஜூன் 10, செவ்வாய்

மேகம். காலை ஷிப்ட். பஸ்ஸில் ஒரு கிழவர் தன் மனைவியிடம்: "அந்த டிரைவருக்கு வழி தெரியும், நீ சும்மா இரு." டேனிஷில் எனக்குக் கிடைத்த நல்ல சான்றிதழ்.

இடைவேளையில் ஒடென்சேயிலிருந்து மச்சாள் போனில். இவருடைய அக்கா. எங்கள் குடும்பத்தில் சம்பிரதாயத்துக்கு அவர்தான் போலீஸ்.

"நாளைக்கோ கூறை எடுக்கப் போறீர்? ஆர் ஆர் போறியள்? எல்லாரும் சுமங்கலியாப் பாத்துக் கூட்டிக்கொண்டு போம். எனக்கு வேலை, இல்லாட்டி வந்திருப்பன்."

"ஓம் மச்சாள்" என்றேன். "ஓம்" என்றால் கேட்டேன் என்று அர்த்தம், அவ்வளவுதான். அவர் வேலையாக இருப்பது பெரிய உதவி.

நிரூவிடம் கேட்டேன், கூறை என்ன நிறம்? "டெ எ லீ மேயட், மோர்" என்றான். எதுவானாலும் சரி அம்மா என்கிறான், டேனிஷில். சஹானா மட்டும் ஒரு வார்த்தை அனுப்பினாள்: கண்ணைக் குத்துகிற சிவப்பு வேண்டாம், மாமி. நல்ல பிள்ளை.

வதனிக்குக் குரல்பதிவு: பாஸ்போட்டைக் கப்பலில் விட்டுவிட்டு வராதே, சுவீடனில் பார்ப்பார்கள். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. "அக்கா, எனக்குக் காது கேக்கும்" என்று பதில்.

என் பாஸ்போட்டையும் சாமித்தட்டிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்தாயிற்று. எங்கள் வீட்டில் எல்லாருடைய பாஸ்போட்டும் பிள்ளையார் படத்துக்குப் பின்னால்தான். பழையது, புதியது, எல்லாம். அகதியாக வந்த ஆட்களுக்குக் காலாவதியான பாஸ்போட்டைக்கூட எறிய மனம் வராது. மேலே இருந்த விபூதியைத் தட்டிவிட்டு எடுத்தேன்.

ரோல்ஸ் பொரித்தேன். இவர் நாலு தின்றார். "ருசி பார்த்தேன்" என்றார்.


ஜூன் 11, புதன்

ரயிலுக்கு நிற்கும்போது. வெயில், குளிர்காற்று. இவர் காரைத் தரட்டுமா என்றார். வேண்டாம், பாலத்துச் சுங்கத்துக்கு அழுவதைச் சீலைக்கு அழலாம். புதுக் கைப்பை. சின்னது. வேலைப்பையை வீட்டிலே விட்டுவிட்டேன், இன்று நான் டிரைவர் இல்லை.

பிறகு, டென்மார்க் பக்கம், கஸ்ட்ருப் விமான நிலையத்தின் அடியில், பிளாட்போம் வாங்கில் இருந்துகொண்டு.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். வேறு வேலை இல்லை.

வதனி கப்பலிலிருந்து இறங்கினாள். பச்சைக் கோட்டு. மெலிந்துவிட்டாள். கட்டிப்பிடித்து இரண்டு பேரும் அழுதோம், அதில் ஒரு வெட்கமும் இல்லை. "உன்ர தலைமயிரை என்ன செய்தனீ?" என்றாள் முதல் பேச்சாக. ரயிலில் ஊர்ப் புதினம், டிலானியின் புது வீடு, கப்பலில் ஓயாமல் சாப்பாடு. பாலம் வந்தது. இரண்டு பக்கமும் கடல். இனி எங்கே ஓடப்போகிறாள் என்ற தைரியத்தில் அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன்.

"கூறையோ?"

"ஓம். நீதான் எடுக்கிறாய்."

"உனக்கென்ன விசரே அக்கா? பிள்ளையின்ர நல்ல காரியத்திலை நான் கை வைக்கிறதோ? நாளைக்கு அதுகளுக்கு ஒண்டெண்டால் ஆரைச் சொல்லுவினம்? மச்சாள் என்னைத்தான் சொல்லுவா. நானே என்னைச் சொல்லுவன்."

அந்தக் கடைசி வாக்கியம் என்னைச் சுட்டது. ஆனாலும் விடவில்லை. கடைசியில் ஒரு பேரம்: "சரி. நான் பாக்கிறன். தொடமாட்டன். நிறம் சொல்லுறன், நீ எடு." சரி என்றேன். அங்கே போனதும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பாலம் முடிந்து ஹில்லி ஸ்டேஷன். சுவீடன் போலீஸ் ஏறினார்கள். வதனியின் கனடா பாஸ்போட்டைப் பார்த்தார்கள், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். என்னுடையதைத் திறந்த பெண் போலீஸ் என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். படத்தில் கறுத்த அடர்ந்த தலைமயிரோடு ஓர் இளம்பெண். பாஸ்போட்டின் மூலை வெட்டியிருந்தது.

பழையது! பிள்ளையாருக்குப் பின்னால் புதியதை விட்டுவிட்டுப் பழையதைக் கும்பிட்டு எடுத்து வந்திருக்கிறேன்.

போனில் இருக்கும் லைசென்ஸைக் காட்டினேன். அது டென்மார்க்குக்குள் மட்டும்தான் செல்லுமாம். அட்டை லைசென்ஸ் வேலைப்பையில். வேலைப்பை வீட்டில். மரியாதையாகத்தான் பேசினாள்: இறங்குங்கள், அடுத்த ரயிலில் திரும்பலாம். எத்தனை பேரை டிக்கெட் இல்லை என்று பஸ்ஸால் இறக்கியிருப்பேன். இன்று என் முறை.

வதனியும் எழும்பினாள். நான் பிளாட்போமில் நின்றுகொண்டு கத்தினேன், பஸ்ஸில் பின்னால் நிற்கிறவர்களுக்குக் கத்துகிற குரலில்.

"இறங்காதை! அடுத்த ஸ்டேஷன் திரியாங்கல். தேவி மேலை வாசல்லை நிப்பா. திரும்பி வரேக்கை எயார்போட்டிலை இறங்கு, நான் அங்கை நிப்பன்!"

"தனியவோ? அக்கா, எனக்கு ஏலாது..."

"ஏலும்! நிரூ உன்ர பிள்ளை!"

கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம். பயந்த முகம். ரயில் போனது.

தேவிக்குப் போன் அடித்தேன். பச்சைக் கோட்டோடு ஓர் ஆள் வரும், என் தங்கச்சி, மாப்பிள்ளையின் சித்தி, அவள் காட்டுவதுதான் கூறை, காசு நான் அனுப்புவேன். "ஓம் அக்கா, வரட்டும்" என்றார். வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது?

இன்னும் கஸ்ட்ருப். வதனியின் போன் கப்பலில் மட்டும்தான் வேலை செய்யுமாம். தேவியின் போன் அடிக்கவே இல்லை. கீழறையில் சிக்னல் இருக்காது. அல்லது வதனி தேவியிடம் போகவே இல்லை. அடுத்த ரயிலைப் பிடித்துத் திரும்பி வருகிறாள், கோபமாக. அப்படித்தான் இருக்கும். மத்தியானம் ராகுகாலம் வேறு. நான் பார்ப்பதில்லை, அவள் பார்ப்பாள்.

ஒரு ரயில் வந்தது. அவள் இல்லை.

பக்கத்து வாங்கில் ஒரு சின்னப் பெண் தகப்பனிடம் டேனிஷில்: "அப்பா, அந்த அன்ரி ஏன் தனியாகக் கதைக்கிறார்?" தகப்பன்: "போனில் கதைக்கிறார்." போன் என் பைக்குள் இருந்தது.

என் பங்கு ரோல்ஸ் முடிந்தது. அவள் பங்கில் கை வைத்துவிட்டேன்.

பிழை செய்துவிட்டேனோ? இல்லை. அவளைத் தனியாக விட்டது பிழை, கூறை எடுக்கச் சொன்னது பிழை இல்லை. இரண்டும் வேறு வேறு. அங்கே அழுதுகொண்டு நின்றால்? பிள்ளையாரே, வெட்டின பாஸ்போட்டைக் கையில் தந்தது நீர்தான், இனி நீரே பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு ரயில். இறங்குகிறவர்களில் ஒரு பச்சை

பின்னேரம், வீட்டில்.

பச்சைக் கோட்டு. ஒரு பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். கிட்ட வந்தாள். நெற்றியில் குங்குமம்! சின்னதல்ல, ஒருவர் விரலால் அழுத்தி வைத்த நல்ல வட்டப் பொட்டு.

பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கை நெற்றிக்குப் போகும். பத்திரமாக அவள் காதைப் பார்த்துக் கதைத்தேன்.

"வேணுமெண்டுதானே பழைய பாஸ்போட்டைக் கொண்டு வந்தனீ?"

சத்தியமாக இல்லை. ஆனால் இல்லை என்று சொல்லவும் இல்லை. கெட்டிக்காரி என்று நினைக்கட்டும்.

"ஒரு மலை மாதிரிக் குவிச்சு விட்டிட்டா மனிசி. பாத்து மட்டும் சொல்ல ஏலாது அக்கா, தொட்டாத்தான் பட்டு விளங்கும். பிறகு என்ன செய்யிறது? தொட்டன்." பையைத் திறந்து காட்டினாள். மாதுளம்பழ நிறம், மெல்லிய சரிகைக் கரை. நான் போயிருந்தால் கட்டாயம் வேறு எதையோ தூக்கியிருப்பேன், பெரிய சரிகையாக. இதைப் பார்த்ததும் சஹானா அதில் தெரிந்தாள்.

"ரோல்ஸ் எங்கை?" என்றாள்.

பாதிதான் இருந்தது. திட்டித் திட்டித் தின்றாள். கப்பலடிக்கு நேரத்தோடு போய்விட்டோம். ஏணியடியில் பையை என் கையில் தரும்போது சீலையை ஒருமுறை தடவினாள்.

"உடுத்தினாப் பிறகு படம் அனுப்பு."

"வந்து பார்."

மேலே ஏறிப் போனாள், பொட்டோடு.

பிறகு தேவி கூப்பிட்டார். "கூறை எடுக்கிற ஆளுக்கு நாங்கள் பொட்டு வைச்சு விடுறது அக்கா, அது என்ர வழக்கம். என்ன முறை எண்டு கேட்டன். சித்தி எண்டா. அப்ப தாய்தானே, வாங்கோ எண்டு வைச்சு விட்டன். கண்ணை மூடிக்கொண்டு நிண்டா. ஏன், ஏதும் பிழையோ?"

பிழை இல்லை என்றேன். நன்றி சொன்னேன், எதற்கென்று தேவிக்கு விளங்கியிருக்காது.

கூறை சாமித்தட்டில். பழைய பாஸ்போட்டும் அங்கேதான். இனி அதை எறியவே மாட்டேன்.


ஜூன் 12, வியாழன்

மழை. பஸ்ஸில் கூட்டம், ஈரக் குடை நாற்றம். ஒருவன் டிக்கெட் இல்லாமல் ஏறி அசடு வழிந்தான். இன்று மட்டும் போ என்று விட்டேன்.

டிலானியிடமிருந்து செய்தி: "பெரியம்மா, அம்மாவுக்கு என்ன செய்தனீங்கள்? முகம் கழுவேக்கை நெத்தியை மட்டும் விட்டிட்டுக் கழுவுறா."

இரண்டு தரம் வாசித்தேன். பிறகு சிவப்பு விளக்கில் இன்னொரு தரம். பச்சை விழுந்ததும் பின்னால் ஒருவன் ஹோன் அடித்தான்.


ஜூன் 14, சனி

நல்ல வெயில். உடுப்புக் காய்ந்தது. இவர் புல் வெட்டினார், பாதி.

மச்சாள் வீடியோவில். கூறையைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார். "நிறமெண்டால் நிறம். நீரோ எடுத்தது?"

என்ன சொல்வது என்று செவ்வாய்க்கிழமையே யோசித்து வைத்திருந்தேன். "ஓம், நான்தான்." ஒரு சொல், தலைவலி இல்லை. வாயைத் திறந்தேன், அது வரவில்லை.

"வதனி எடுத்தவள்."

"வதனியோ?"

"ஓம். நான் போகவே இல்லை. அவள் தனியப் போய், தன்ர கையாலை எடுத்தவள்."

மச்சாளின் முகம் இறுகியது. நானும் முகத்தை மாற்றவில்லை.

"அப்ப சபையிலை கூறைத் தட்டையும் அவளே கொண்டு போகட்டும், நான் எதுக்கு?" என்றார். கோபத்தில் சொன்னதுதான். மண்டபத்தில் ஒவ்வொருவரிடமும் கூறையைக் கொண்டுபோய் ஆசி வாங்குகிற அந்தத் தட்டைச் சுமங்கலி அல்லாத கை தொட்டு எங்கள் குடும்பம் கண்டதில்லை.

"நல்லது மச்சாள். அப்பிடியே செய்வம். நீங்கள் சொன்னதெண்டு சொல்லுறன்."

வைத்துவிட்டார். உடனே வதனிக்கு அடித்தேன். கப்பல் ஏதோ துறையில் நிற்கிறது, பின்னால் கடற்பறவைகள் கத்தின. விஷயத்தைச் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். செப்டெம்பரில் வருகிறாய், தட்டு உன் கையில்.

"தட்டுக் கனக்குமே, அக்கா?"

தேங்காய், பழம், பூ எல்லாம் வைத்தால் கனக்கத்தான் செய்யும் என்றேன்.

"அப்ப ரெண்டு கையாலையும் பிடிக்கிறன்."