நடுக் கன்னிக்குக் காப்பு

ஆடி 5, செவ்வாய்.
காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றிவிட்டுப் போனது. ஏரிக்கரைக் கோயிலைப் பெருக்கிப் பூட்டினேன். ‘பாதுகாக்கப்பட்ட சின்னம்’ பலகை மேல் கல்யாண போஸ்டர். கிழித்தால் பாதிதான் வந்தது.
வாங்க வேண்டியது: துடைப்பம், மகளுக்குப் பேரீச்சம்பழம். நகரியில் புகுந்த வீட்டில் இருக்கிறாள், நிறைமாதம். இரண்டாவது என்பதால் அங்கேயே பிரசவம். வலி எடுத்ததும் நான் பக்கத்தில் இருக்க வேண்டுமாம்.
சாயங்காலம் பாவா வந்தார், அக்கா வீட்டுக்காரர். ஊர்க் கமிட்டித் தலைவர். கோயிலில் ஏழு கன்னியர் சிலைகள்; அதில் நடுக் கன்னிக்கு மூக்கு போய் எத்தனையோ தலைமுறை. இப்போதுதான் இவர் கண்ணில் பட்டதாம்.
“பின்னமானத கும்புடக் கூடாதும்மா. ஊருக்கு ஆவாது. புதுசு வந்துகினு இருக்கு. வெள்ளிக்கெழம பழச ஏரியில வுட்டுடுறோம். சாவிய மட்டும் குடு.”
“அது அரசாங்கத்துச் சொத்து பாவா.”
“அரசாங்கமா வந்து பொங்க வைக்கிது?”
தரவில்லை.

ஆடி 6, புதன்.
வெயில். எனக்குச் சம்பளம் தரும் தொல்லியல் துறை அதிகாரிக்குப் போன் செய்தேன். சனிக்கிழமைதான் வர முடியுமாம். அதுவரை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். எதை வைத்து? துடைப்பத்தை வைத்தா?
போலீசுக்குப் போனால் பாவா மேல் கேஸ். அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? தினமும் நான் முதலில் விழிப்பதோ அந்த மூக்கில்லாத முகத்தில்.
டீக்கடையில் ஒருவன்: “பூட்டு இன்னா பூட்டு, ஒரு தட்டு தட்னா வந்துடும்.” என்னைப் பார்த்ததும் வாயை மூடினான்.

ஆடி 7, வியாழன்.
செய்துவிட்டேன். தலைக்குக் குளித்து, தெருப் பெண்களைக் கூட்டிப்போய், நடுக் கன்னி கையில் மஞ்சள் நூலால் காப்பு. என் கையிலும். ஞாயிறு கூழ் ஊற்றித்தான் அவிழ்க்க வேண்டும். காப்பு கட்டிய அம்மனை அதுவரை எவனும் அசைக்க மாட்டான். சிலையில் எதையும் கட்டக் கூடாது என்பதும் விதிதான். இருக்கட்டும்.
பாவா முகம் செத்துவிட்டது. “கெட்டிக்காரிதான். ஆனா காப்பு கட்னவ ஊர் எல்லய தாண்டக் கூடாது. தாண்டுனா காப்பு போச்சி. தெரியும் இல்ல?”
தெரியும். மகளுக்கு டாக்டர் அடுத்த வாரம் என்றுதானே சொன்னார்.

ஆடி 8, வெள்ளி.
தூறல். காலையிலிருந்து கோயில் வாசலிலேயே இருக்கிறேன். எதிரே வேப்பமரத்தடியில் பாவா, இன்னும் சிலர். கடப்பாரை.
மதியம் மருமகன் போன். “அத்த, வலி கண்டுடுச்சி. உங்களத்தான் கேட்டுகினே கீறா. வந்துடுங்க.”
பாவா எழுந்து வந்தார். “போம்மா. புள்ளயவிட கல்லா பெரிசு? நானே வண்டில கொண்டுபோய் வுடுறேன்.” குரல் இளகித்தான் இருந்தது. நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எரிச்சல். பின்னால் கடப்பாரை அப்படியே இருந்தது.
மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.
“அம்மா, கெளம்பிட்டியா?”
“ஆங், வந்துகினே கீறேன்டி.”
உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை.