மலைக்குப் போன உப்பு

வாழ்க! அலை ஓயாத துறைகளுக்கும், முகில் விலகாத மலைகளுக்கும், நிழலையே கண்டறியாத மணல்வெளிக்கும் ஒருங்கே காவலரான செழுங்கோப் பெருமானாரின் திருமுன், வணிகர் வீதியில் பிறந்து அரண்மனைப் படியேறிய அமைச்சன் வேம்பன், மூட்டுவலி இடங்கொடுத்த அளவுக்குத் தாழ்ந்து வணங்கி வரையும் ஓலை. துறைகளில் வலைகள் நிறைக. அரசியார் நலம் பெறுக. அரண்மனைச் சமையற்கூடம் என் கனவில் நாள்தோறும் வருவதாக அறிக.

பெருமானே, மலைத்தலைவர் ஏறனாரின் மகன் காய்ச்சலில் கிடந்தபோது, அவன் நலம் வேண்டித் தாங்கள் ஒரு மூட்டை உப்பு அனுப்பினீர்கள். நம் கரையில் புதுமனைக்குள் முதலில் நுழைவது உப்பு. ஆகவே அவையில் ஒருவரும் மறுக்கவில்லை, நான் உட்பட. இம்மலையிலோ, இறந்தவரின் உள்ளங்கையில் வைத்துப் புதைப்பதற்கு மட்டுமே பிறர் கொடுத்த உப்பு வாசல் தாண்டும். உயிரோடிருந்த பிள்ளைக்கு நாம் அதை மூட்டையாக அனுப்பியிருக்கிறோம். பிள்ளை எழுந்து ஆடு மேய்க்கிறான். தந்தையின் காய்ச்சல்தான் இன்னும் இறங்கவில்லை.

அம்மூட்டையை ஒட்டகத்தில் ஏற்றி வந்தவர்கள் மணல்நாட்டார். சாவைச் சுமந்து வந்தவர்களுக்கு எம் நீர் எதற்கு என்று ஏறனார் அவர்களுக்கு இறங்கும் வாய்க்காலின் மதகை அடைத்துவிட்டார். வரும் வழியில் மணல்நாட்டுத் தலைவி கள்ளியம்மை கிணற்றில் வாளியை இறக்கி, வெறும் சேற்றை மேலே இழுத்துக் காட்டினார். கரையார் வாழ்த்தினீர்கள், மலையார் முறைத்துக்கொண்டார்கள், நடுவில் எங்கள் குழந்தைகளுக்கு ஏன் ஐயா நாக்கு வறள்கிறது என்று வினவினார்.

மலையேறிப் பேசினேன். முத்து தருவதாகச் சொன்னேன். கடைசியில் என் தலையையே தருவதாகச் சொன்னேன். கரைக்காரரே, அந்த வழுக்கையில் பாகற்கொடிகூடப் படராது, அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது என்று ஏறனாரின் தமக்கை சிலம்பி திருவாய் மலர்ந்தருளினார். கொடுத்தவரே வந்து உப்பைத் தம் தலையில் சுமந்து இறங்க வேண்டும். அதுவொன்றே இவர்கள் அறிந்த பரிகாரம்.

வெறுங்காலுடன், முழு மூட்டையும், அடிவாரம் வரை என்று தொடங்கினார்கள். கோபித்து எழுந்து போவதும், வாசலில் நின்று திரும்புவதுமாக இருந்தேன். ஒருமுறை உட்கார்ந்தவனுக்கு மறுபடி எழ முழங்கால் ஒப்பவில்லை. பேரம் அங்கேயே படிந்தது. தங்கள் தலைக்கு ஒரு சிறு பொதி, அதுவும் முதல் வளைவு வரை. காலுக்குச் செருப்பு உண்டு. மிச்சமெல்லாம் இந்த வழுக்கைக்கு. ஆனால் மதகை முன்கூட்டியே திறக்கச் செய்துவிட்டேன். தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. அமாவாசைக்குள் தாங்கள் வராவிடில் அது மீண்டும் அடைபடும். பிறகு என் பேச்சை இங்கு ஒருவரும் கேளார். பிணையாக, உப்பில்லாக் கூழ் குடித்துக்கொண்டு நான் இங்கே இருக்கிறேன்.

அரசர் சுமை தூக்குவதா என்று அவையில் சிலர் பதறுவர். பதறட்டும், அவர்கள் வீட்டுக் கிணறுகளில் நீர் இருக்கிறது.

தாங்கள் என்னிடம் ஒப்படைத்த சங்கு இலச்சினையை மலையாரின் உறுதியோலையில் கேளாமலே இட்டுவிட்டேன். அதற்குரிய தண்டனையை நேரில் வந்து தருக. இவ்வோலையிலும் அதையே இடுகிறேன். சங்கு இட்டது அரசாணை. அரசாணைக்கு அரசரும் அடங்குவர் என்பது தாங்களே வகுத்த சட்டம். ஆகவே ஆணை: செழுங்கோப் பெருமானார் இவ்வோலை கண்டவுடன், தடித்த தலைப்பாகை ஒன்றைக் கட்டிக்கொண்டு, மலைக்குப் புறப்படுக.