உறுதி செய்யாத செய்தி

செவ்வாய், திண்டிவனம்.

எதிர்வீட்டுச் செல்வி மதியம் போனை நீட்டினாள். மஸ்கட் ஆஸ்பத்திரியில் கிடக்கும் அவள் கணவன் குமாரைப் பற்றிக் கம்பெனி அனுப்பிய ஒற்றை வரி: 'டேக்கன் ஆஃப் வென்டிலேட்டர்.' தேறியதால் மூச்சுக்கருவியை எடுத்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள். இனிப் பயனில்லை என்று எடுத்தாலும் அப்படித்தான்.

"நல்ல சேதிதானேண்ணா? படிச்சிக்கினே இருக்கீங்க, வாயத் தொறங்க."

பத்திரிகை நிருபனான எனக்கு ஊகத்தைச் செய்தியாகச் சொல்லிப் பழக்கமில்லை. "கன்ஃபார்ம் பண்ணிட்டு சொல்றேம்மா" என்றேன்.

அவள் முகம் வெளிறியது. "பைபாஸ்ல அடிபட்டு செத்தவங்க வீட்ல எல்லாம் இதத்தானே சொல்லுவீங்க?" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உண்மைதான். சாவு தெரிந்த பிறகும் வீட்டாரிடம் அப்படிச் சொல்லிவிட்டு நகர்வதுதான் எங்கள் வழக்கம். ஊருக்கே அது தெரிந்திருக்கிறது. இன்று எனக்கு நிஜமாகவே எதுவும் தெரியாது.

கம்பெனியில் யாரும் போனை எடுக்கவில்லை. அவள் பிறந்த ஊரான காணையிலிருந்து அண்ணன்மார் வந்துவிட்டார்கள். வாசலில் பந்தல் போடலாமா என்று பேசுகிறார்கள். மூன்று முறை போய், "எனக்குத் தெரியாதும்மா, சத்தியமா" என்றேன். ஒவ்வொரு முறையும் அழுகை கூடியது. நான்காம் முறை போகக் கால் வரவில்லை.