வேலிப் பொட்டு

நவம்பர் 4, செவ்வாய்
விடிய முதலே மழை. பலாலி வீதியில் வெள்ளம், பஸ் பிந்தியது. ஆய்வுகூடத்தில் கரண்ட் போனது, ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டதால் மார்புப் புற்றுச் செல்கள் தப்பின. நான் ஆராயும் புரதத்தை அடக்கிய தட்டில் செல்களுக்கு அசைவே இல்லை. அடக்காததில் நகர்ந்துவந்து நான் கீறிய கோட்டை மூடிவிட்டன. நல்ல முடிவு. பேராசிரியருக்குச் சந்தோசம்.

பின்னேரம் அண்ணை போன். மச்சாளுக்கு, அவரின் மனிசிக்கு, மார்பில் கட்டி. புற்றுத்தானாம். எப்போது தொடக்கம் என்றேன். மச்சாளைக் கேள் என்று வைத்துவிட்டார்.

5, புதன்
மச்சாளே சொன்னா. தையிலேயே கையில் தட்டுப்பட்டதாம். மகள் துளசிக்குச் சம்பந்தம் பொருந்திவந்த நேரம். தாய்க்குப் புற்றென்றால் பெட்டைக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் விலகிவிடுவார்களாம். ஆவணியில் தாலி ஏறும்வரை வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் திறக்கப் பயம். நான் இதையே படித்துக்கொண்டு பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறேன்! கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நல்லாய்ப் பேசிவிட்டேன்.

அவ என் புரதத்தைப் பற்றிக் கேட்டா. சொன்னேன்: சுற்றியிருக்கும் வேலியை அரிக்கிற நொதியைச் செல் சின்னப் பைகளில் வைத்திருக்கும். பையை ஓரத்துக்குக் காவிப் போவது இந்தப் புரதம். வேலியில் பொட்டு, ஆள் நுழைகிற ஓட்டை, விழும். செல் வெளியே போகும்.

7, வெள்ளி
கையுறை முடிந்தது, சொல்ல வேண்டும். குடை பஸ்ஸில் போச்சு.
ஸ்கான் வந்தது. எலும்பு. ஈரல். அண்ணை ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே நின்றார், காலில் போட்டபடி.
ஓட்டோவில் மச்சாள் மெதுவாக:
"பொட்டு எப்ப வெட்டினது? தைக்கு முந்தியோ, பிந்தியோ?"
"தெரியாது மச்சாள். ஒருத்தராலும் சொல்லேலாது."
"அப்ப முந்தியெண்டு சொல்லும். துளசி உம்மட்டைத்தான் கேப்பாள். நீர் சொன்னா நம்புவாள்."
வீடு வந்ததும் ஓட்டோக் காசை நானே கொடுத்தேன்.

9, ஞாயிறு
மழை விட்டது. நுளம்புக் கடி. அண்ணை வீட்டில் நான் நிற்கத் துளசி வந்தாள், புதுத் தாலிக்கொடியின் மினுக்கம் இன்னும் மங்கவில்லை. கட்டிலில் என் பக்கத்தில் இருந்தாள்.
"மாமி, என்ரை கலியாணத்தாலைதானோ?"
"இல்லைப் பிள்ளை. தைக்கு முந்தியே பரவீட்டுது."
வகுப்பில் சொல்கிற குரலில் சொன்னேன். நம்பினாள். என் மடியில் விழுந்து அழுதாள்.
மச்சாள் குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தா. எனக்குத்தான் முதல் நீட்டினா. சீனி போட மறந்திருந்தா. குடித்தேன்.